போதகருக்குத் தெரிந்த ஒரே தமிழ்

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் நடுவில் நடந்தது. அப்போது நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, நாற்பதைத் தொட்ட வயது, எதையும் திட்டம் போட்டு முடித்துவிடலாம் என்ற தைரியம். கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் தமிழ் பேச ஆளே கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். குடிபுகுந்த முதல் வாரமே கீழ்வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை படியேறி வந்தது. வெட்கத்தை விட்டுப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

கதவைத் திறந்தவர் இலங்கையின் மன்னார்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அன்றே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சில மணி நேர வேலை பார்த்துவந்தார். மாதாவிடம் பக்தி அதிகம். ஆனாலும் பக்கத்து ஊரான ஊன்ட்றொப்பில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு என்னைவிட முன்னால் கிளம்பி நிற்பார். கேட்டால், "சனத்தைப் பாக்கத்தானே போறன்" என்பார்.

அக்காவின் கணவர் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். ஒருநாள் விசாரணை என்று ராணுவத்தார் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பவில்லை. பிறகு அக்காவைத் தேடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு விடியற்காலையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவர், எங்கெங்கோ சுற்றி ஜெர்மனி வந்து சேர்ந்தார். அடைக்கலம் கேட்டு அவர் போட்ட மனுவை நிராகரித்துவிட்டார்கள். இலங்கையில் போர்நிறுத்தம் இருக்கிறது, திரும்பிப் போகலாம் என்பது அலுவலகத்தின் வாதம். அக்கா நீதிமன்றம் போயிருந்தார். அங்கேயும் தோற்றால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அக்கா ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்த அக்காதான் என்னை ஒரு புதன்கிழமை அந்தப் போதகரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஊர்க் கோடியில் சிறிய பாப்டிஸ்ட் சபை ஒன்று இருந்தது. கோபுரம் கிடையாது, மணி கிடையாது, பக்கத்துச் சைக்கிள் கடையைவிடக் கொஞ்சம் பெரிய கட்டடம், அவ்வளவுதான். அதன் கீழ்த்தளத்தில் வாரம் ஒருநாள் அகதிகளை உட்காரவைத்து, காப்பியும் கேக்கும் கொடுத்து, அலுவலகக் கடிதங்களைப் படித்துச் சொல்லி, எங்கே எப்போது டெர்மின், அதாவது நேரில் போகவேண்டிய நாள், என்று பார்த்துக் கொடுப்பார்கள். அதை நடத்தியவர் போதகர்.

அவர் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா மரம் அறுக்கும் ஆலையில் கூலி. கல்லூரியில் படிக்கும்போது, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் சிற்றுண்டிக் கடையில் நண்பர்களோடு போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்தவர். அதற்காகச் சிறைக்கும் போனவர். வாக்குரிமைக்காக வீடு வீடாகப் போய் அடி வாங்கியவர். பிறகு வேதம் படித்து, ராணுவத்தில் போதகராகி ஜெர்மனி வந்து, இங்கே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, ஓய்வுக்குப் பின் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். இத்தனை வருடம் ஆகியும் அவர் ஜெர்மன் பேசினால் ஜெர்மானியர்கள் ஒருமுறைக்கு இருமுறை என்ன என்று கேட்பார்கள். அதைப் பற்றி அவருக்குத் துளியும் கவலை இல்லை.

தன்னடக்கமும் அவரிடம் துளியும் கிடையாது. தான் போராடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தால் காப்பி ஆறிப்போகும். அந்தச் சிற்றுண்டிக் கடையில் ஒருவன் சர்க்கரைக் கிண்ணத்தை இவர் சட்டைக் காலருக்குள் கவிழ்த்துவிட்டானாம். இவர் அசையாமல் வேதியியல் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாராம். "பரீட்சையில் தேறவில்லை, அது வேறு விஷயம்" என்று அவரே சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பெரிய மனிதர் என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பார் என்ற என் எண்ணம் அந்தக் கீழ்த்தளத்தில்தான் போனது.

அக்காவுக்கும் அவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் நான். அது ஒரு தனிக் கூத்து. கத்தோலிக்கரான அக்கா அவரை விடாமல் ஃபாதர் என்றே கூப்பிடுவார். எனக்கு மனைவி இருக்கிறாள், நான் ஃபாதர் இல்லை என்று அவர் சொன்னால், "ஓம் ஃபாதர்" என்பார். அவரோ, நான் கூப்பிடுவதைக் கேட்டு, அக்கா என்பதுதான் இவருடைய பெயர் என்று நினைத்து மாதக்கணக்கில் 'மிஸஸ் அக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு புதன்கிழமை அறிவித்தார். பல வாரம் முயன்று ஒரே ஒரு வாக்கியம்தான் நாக்கில் நின்றது. அக்கா ஒவ்வொரு புதனும் கிளம்பும்போது சொல்லும் 'போட்டு வாறன்'. எங்கள் ஊர் 'போயிட்டு வரேன்'தான் அவர்கள் வாயில் அப்படி ஆகிறது. இந்த மனிதர் அதைக் கற்றுக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும்போதும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்.

வழக்கு விசாரணைக்குத் தேதி வந்தது. போதகர் உடனே, சபையார் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நீதிமன்றம் போய்ப் பார்வையாளர் இருக்கைகளில் உட்கார வேண்டும் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே வேலை நடப்பது மனுவிலும் சான்றிதழிலும், ஆள் சேர்த்து என்ன சாதிக்கப் போகிறோம், இது உங்கள் அமெரிக்கா இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இவள் தனி ஆள் இல்லை என்று நீதிபதியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார். இது சபையின் வாக்கெடுப்புக்குப் போனது. அவர்களுக்கு மேலே ஆயர் யாரும் இல்லை, எதுவானாலும் உறுப்பினர்கள் கை தூக்கித்தான் முடிவாகும். கம்பளித் தொப்பி போட்ட பாட்டிமார் உட்பட அத்தனை பேரும் கை தூக்கிவிட்டார்கள்.

அன்று காலை நீதிமன்றத்தின் சின்ன அறையில் நாற்காலிகள் போதவில்லை. ஜெபமாலையைப் பிடித்தபடி அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பெண் வக்கீல். நீதிபதி ஒரே ஆள். கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு வார்த்தையைக்கூட வீணாக்க விரும்பாதவர். அங்கே நீதிபதியே சாட்சியம் முழுவதையும் சுருக்கி ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டு வருவார், அதுதான் பதிவாகும். வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லை என்று வேறொருவர் வந்திருந்தார். தமிழைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஜெர்மானியர், அருமையான இலக்கணத் தமிழ் பேசினார். அக்காவின் பேச்சு வேகத்துக்குத்தான் அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணவரைக் கூட்டிப் போனது, தேடி வந்தவர்கள் கேட்டது எல்லாவற்றையும் அக்கா தெளிவாகச் சொன்னார். பிறகு நீதிபதி, வீட்டைவிட்டுக் கிளம்பிய காலையைப் பற்றிக் கேட்டார். உண்மையாக நடந்ததா என்று பார்க்க இப்படித்தான் சின்னச் சின்ன விவரம் கேட்பார்களாம். கிளம்பும்போது அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்றார்.

"போட்டு வாறன் அம்மா எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார் அக்கா.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுக்குச் சொல் ஜெர்மனில் சொன்னார். நான் போகிறேன், திரும்பி வருகிறேன் அம்மா.

நீதிபதியின் புருவம் ஏறியது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் திரும்பி வருகிறேன் என்று சொல்வாரா, அப்படியானால் சீக்கிரம் திரும்பும் எண்ணத்தோடுதான் கிளம்பினீர்களா என்று கேட்டார். கேள்வி தமிழில் வந்து சேர்ந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போக ஆசை உண்டா என்கிற மாதிரி ஆகிவிட்டது. அக்காவோ வெள்ளந்தியாக, "ஓம் ஐயா, ஆருக்குத்தான் ஆசையில்லை" என்றார். நீதிபதி கருவியை எடுத்து, வாதி தன் தாயிடம் திரும்பி வருவதாக அறிவித்துவிட்டே புறப்பட்டார் என்று பதிவு செய்தார்.

அத்தனை வருடத் துயரமும் ஒரு சொல்லில் பொய்யாகிக்கொண்டிருந்தது. வக்கீலுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு எங்கே தடுக்கியது என்றே புரியவில்லை. நான் எழுந்து, அது அப்படி அர்த்தம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். பார்வையாளர்கள் பேசக் கூடாது, இன்னொரு முறை இடையூறு நடந்தால் வெளியே அனுப்புவேன் என்றார். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த போதகர் என்ன என்று கண்ணால் கேட்டார். உங்கள் தமிழ்தான் பிரச்சினை என்று அவர் காதில் கிசுகிசுத்தேன். அவர் அந்தச் சொற்களை ஏற்கெனவே காதில் வாங்கியிருந்தார். ஒரு நொடி யோசித்தார், பிறகு எழுந்து நின்றார்.

உட்காருங்கள் என்றார் நீதிபதி. அவர் உட்காரவில்லை, பேசவும் இல்லை. அறுபத்தைந்து வயது, ஆறடி உயரம், கறுப்புக் கோட்டு. சும்மா நின்றார். நீதிபதி இரண்டாம் முறை சொன்னார், மூன்றாம் முறை வாசலைக் காட்டினார். போதகர் சரி என்று தலையசைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு மூட்டுவலியோடு மெதுவாக நடந்தார். போச்சு, இருந்த ஒரு பெரிய மனிதரையும் வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நான் நொந்துகொண்டேன். அவர் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். லேசாகக் குனிந்து, அந்த அறை முழுவதும் கேட்கும்படி அமெரிக்கத் தமிழில் சொன்னார்.

"போட்டு வாறன், அக்கா."

அக்காவுக்கு அது நீதிமன்றம் என்பதே மறந்துவிட்டது. பாதி எழுந்து, "ஓம் ஃபாதர், போட்டு வாங்கோ" என்றார்.

வாதியோடு என்ன பேச்சு, என்ன சொன்னார் இவர் என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் செய்தார். போகிறேன், திரும்பி வருகிறேன் என்கிறார், அந்த அம்மாள் போய்த் திரும்பி வாருங்கள் என்கிறார். நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் திரும்பி வர முடியாது, இப்போதுதானே வெளியேற்றினேன் என்றார்.

போதகர் திரும்பினார். வருடக்கணக்காக யாருக்கும் புரியாத அவருடைய ஜெர்மன் அன்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. "அது எனக்கும் தெரியும், கனம் நீதிபதி அவர்களே. ஆனால் இவர்கள் மொழியில் மரியாதையாகக் கிளம்ப வேறு சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மொழிபெயர்ப்பாளர்தான் முதலில் வாய் திறந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் நேர்மையான மனிதர். அது விடைபெறும் வழக்கச் சொல்தான், நான் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்தது தவறு, நம்முடைய ஆஃப் வீடர்சேஹென் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். வக்கீல் அந்த நூலைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். மீண்டும் காணும்வரை என்பதுதானே அதற்கும் நேர் அர்த்தம், இந்த அறையில் தோற்றுப்போனவர்களுக்குக்கூட நாம் அதைத்தானே சொல்லி அனுப்புகிறோம் என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு பாட்டி சிரித்துவிட்டார். நீதிபதியின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது.

அவர் அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார். போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே, அப்படிச் சொல்வதில்லையா? இந்த முறை மொழிபெயர்ப்பாளர் நிதானமாக, இரண்டு விதமாகக் கேட்டு, புரிந்ததா என்று உறுதி செய்துகொண்டார்.

"போறன் எண்டு நாங்கள் சொல்லுறேல்லை ஐயா. அது சாகப் போற ஆக்கள் சொல்லுற மாதிரி" என்றார் அக்கா. ஜெபமாலையை மடியில் வைத்தார். "எனக்கு அண்டைக்கே தெரியும், இனி நான் அந்த வாசல்ல கால் வைக்க மாட்டன் எண்டு. அதை அம்மாட்ட எப்பிடிச் சொல்லுறது? அதாலதான் ஒவ்வொரு நாளும் சந்தைக்குப் போகேக்க சொல்லுற மாதிரியே சொல்லிப்போட்டு வந்தனான்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஒன்றுவிடாமல் ஜெர்மனில் சொல்லி முடித்தார். அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். நீதிபதி கருவியை எடுத்து முன்பு சொன்னதை அழித்தார். வாதி வழக்கமான சொற்களால் விடைபெற்றார், திரும்ப முடியாது என்பதை அறிந்தே புறப்பட்டார் என்று புதிதாகப் பதிந்தார். பிறகு நீதிமன்ற ஊழியரிடம், வெளியே இருக்கும் அந்தப் பெரியவரைக் கூப்பிடுங்கள் என்றார். கதவைத் திறந்தால் போதகர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றுகொண்டிருந்தார். வருகிறேன் என்று சொன்னவர் நிஜமாகவே வந்துவிட்டார் என்று எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

விசாரணை முடிந்து நீதிமன்றப் படிகளில் நின்றபோது அவரை மடக்கினேன். பேசக் கூடாது என்றால் பேசாமல் இருக்க வேண்டியதுதானே, அபராதம் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அந்தக் காலத்தில் எழுந்து போ என்றார்கள், உட்கார்ந்திருந்தேன், இப்போது உட்கார் என்கிறார்கள், நிற்கிறேன், எனக்கு எப்போதும் சொன்னபடி கேட்டுப் பழக்கம் இல்லை என்றார். அப்படி ஒரு பெருமை முகத்தில். பிறகு அக்கா உள்ளே சொன்ன பதில் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

தன் அம்மாவைப் பற்றி அவர் பேசியது அன்றுதான். அந்தச் சிற்றுண்டிக் கடைக்குக் கிளம்பிய காலையில், நூலகத்துக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். உண்மையைச் சொன்னால் தடுத்துவிடுவார் என்ற பயம். அம்மாவும் சரி என்று கதவு வரை வந்து கோட்டைச் சரிசெய்து அனுப்பினாராம். சிறையில் காவலர்கள் பையைச் சோதித்தபோது உள்ளே ஒரு புதுப் பல்துலக்கும் பிரஷ் இருந்தது. "நூலகத்தில் யார் பல் துலக்குகிறார்கள்?" என்றார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விடுதலையாகி வந்த பிறகும், அம்மா இறக்கும்வரை, இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லையாம். போராட்டத்தில் எதை நினைத்தும் அவர் வருந்தியதில்லை, கேட்காமல் விட்ட அந்த ஒன்றைத் தவிர. இதை அக்காவுக்குத் தமிழில் சொல் என்றார். சொன்னேன்.

சில வாரங்களில் தீர்ப்பு தபாலில் வந்தது. அக்கா பிரிக்காமலே என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நின்றபடியே படித்தேன். ஜெயித்துவிட்டோம். அக்கா ஜெர்மனியில் இருக்கலாம், யாரும் அனுப்ப முடியாது. கட்டிப் பிடித்துக் குதித்தோம். போதகருக்குப் போன் செய்தால், அவர் மறுமுனையில் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். எல்லாம் அடங்கியபின்தான் அக்கா அந்த இன்னொரு விஷயத்தைக் கேட்டார். அகதி என்று ஏற்றுக்கொண்டால் ஊருக்குப் போக ஏலாதுதானே என்று. ஆமாம் அக்கா என்றேன். வேறென்ன சொல்வது?

அக்கா டெலிபோன் அட்டையை எடுத்து என் வீட்டுப் போனிலிருந்தே மன்னாருக்கு அழைத்தார். அம்மாவுக்குக் காது மந்தம், இரைந்து பேச வேண்டும் என்பதால் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டேன். வழக்கு வென்ற செய்தியைச் சொன்னார். அங்கே அம்மா மாதாவுக்கு நன்றி சொன்னார். அதற்குமேல் இழுக்காமல் அக்கா நேராகச் சொல்லிவிட்டார். "அம்மா, அண்டைக்கு வாறன் எண்டு சொன்னனானெல்லோ. வரமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

போன் இரைச்சலுக்கு நடுவே அந்த அம்மாவின் குரல் வந்தது, எந்த நடுக்கமும் இல்லாமல்.

"எனக்கும் தெரியும் பிள்ளை. தெரிஞ்சபடியாத்தான் போட்டு வா எண்டு சொன்னனான். இல்லாட்டி போகாதை எண்டெல்லோ சொல்லியிருப்பன்."

அன்றிலிருந்து வாசலில் யார் என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாலும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய், முகத்தைப் பார்த்துத்தான் வழியனுப்புகிறேன், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தும் சொல்லாமல் போவது என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்?